புள்ளி உதிர்ந்த பருவம்

ஆவாரங்குளம் கலைக் கல்லூரியில் புள்ளிகள் உதிரத் தொடங்கிய அன்று மழை இல்லை, காற்று இல்லை, சகுனம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பல்லிகூடக் கத்தவில்லை. தமிழ்த்துறையில் கட்டுரைப் பயிற்சி நடத்தும் தமயந்தி வழக்கம்போல இரண்டாம் ஆண்டு வணிகவியல் பிள்ளைகளின் கட்டுரைக் கட்டை மேசைமேல் இழுத்துப் போட்டு, வழக்கம்போலப் பெருமூச்சு விட்டு, நூலை அவிழ்த்து முதல் தாளைத் தூக்கினாள், அவ்வளவுதான், அந்தத் தாளில் மெய்யெழுத்துகளின் தலைமேல் இருந்த புள்ளிகள் அத்தனையும் பொலபொலவென்று அவள் மடியில் கொட்டின. கசகசா அளவில், நீல மையின் நிறத்தில், தொட்டால் கொஞ்சம் பிசுபிசுப்பாக இருந்தன. தாளில் 'தாயமையின சிறபபு' என்று தலைப்பும் அதற்குக் கீழே 'முனனுரை' என்ற சொல்லும் மொட்டைத் தலையோடு நின்றன. படிக்க முடிந்தது. படிக்க முடிகிற தாளுக்கு மதிப்பெண் போட்டுவிடலாம் என்பதால் தமயந்தி சேலையை உதறிவிட்டு மதிப்பெண்ணைப் போட்டு அடுத்த தாளை எடுத்தாள், அதுவும் கொட்டியது.

மாணவர்கள் எல்லோருக்கும் அந்தக் காலத்தில் ஓர் அண்ணன் இருந்தார். கைபேசிக்குள் இருந்துகொண்டு கேட்டதை எழுதிக் கொடுக்கும் செயற்கை அறிவுக்கு ஆவாரங்குளத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. எப்போது கேட்டாலும் இருப்பார், எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார், நீ யார் வீட்டுப் பிள்ளை, பத்தாம் வகுப்பில் எத்தனை மார்க் என்று விசாரிக்க மாட்டார், அப்படிப்பட்டவரை வேறு என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது? தமயந்தி முதலில் அவரோடு சண்டை போட்டாள், பிறகு பிள்ளைகளிடம் கெஞ்சினாள், பிறகு கட்டுரையைக் கையால்தான் எழுதி வர வேண்டும் என்று உத்தரவு போட்டாள், அவர்களும் அண்ணன் சொன்னதைக் கையால் அழகாக எழுதி வந்தார்கள், எல்லோருடைய கையெழுத்தும் திருந்தியது, அதோடு அவளுக்கு அலுத்துப்போயிற்று.

ஆகவே, புள்ளி கொட்டுகிறது என்ற செய்தி கல்லூரி முதல்வர் ஞானசிகாமணியின் அறைக்குப் போனதும் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு சொந்தமா எழுதலைன்னு காசு செலவில்லாம கண்டுபிடிக்க ஒரு வழி கெடைச்சிருச்சே மேடம்" என்றார். மறுநாளே வாசலில் ஒரு மேசை போடப்பட்டது, மேசைமேல் வெள்ளைத் துணி விரிக்கப்பட்டது, மாணவர்கள் வரிசையாக வந்து தங்கள் கட்டுரையின் நுனியை இரண்டு விரலால் பிடித்து மூன்று உதறு உதற வேண்டும், துணியில் புள்ளி விழுந்தால் மார்க் கிடையாது. எல்லோருக்கும் விழுந்தது. துணி நீலமாகியது. அடுத்த வாரம் பசை தடவி வந்தார்கள், பசையோடு விழுந்தது. கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த காஜா மைதீன் தாளை லேமினேஷன் போட்டுத் தந்தார், புள்ளிகள் உள்ளுக்குள்ளேயே உதிர்ந்து ஊறுகாய் ஜாடியின் அடியில் கடுகு தங்குவதுபோலத் தங்கின. வாசலில் புள்ளிக் கோலம் போடும் இரண்டு அக்காமார்களை உட்கார வைத்து, 'புள்ளி வைத்துத் தரப்படும்' என்று பலகையும் மாட்டினார். அவர்கள் பழக்க தோஷத்தில் விட்ட இடமில்லாமல் எல்லா எழுத்துக்கும் புள்ளி வைத்ததில் 'மரம்' என்பது 'ம்ர்ம்' ஆகிப்போயிற்று, அந்தப் புள்ளிகளும் பொழுது சாய்வதற்குள் உதிர்ந்துவிட்டன.

கல்லூரியோடு நின்றதா என்றால் நிற்கவில்லை. கல்யாணப் பத்திரிகையைப் பிரித்தால் தாம்பூலத் தட்டில் கொட்டியது, பாராட்டு விழாவில் வரவேற்புரை வாசித்தவரின் சட்டைப்பையில் கொட்டியது, சுவரொட்டி ஒட்டிய சந்துகளில் காலையில் கோழிகள் அதைக் கொத்திப் பார்த்துவிட்டு ருசி இல்லையென்று நகர்ந்தன, எறும்புகள் பாதி தூரம் தூக்கிப் போய்ப் போட்டுவிட்டுத் திரும்பின. முதல்வர் அனுப்பிய சுற்றறிக்கை எல்லாத் துறைக்கும் புள்ளி கொட்டிக்கொண்டே போயிற்று. பேராசிரியர்களின் ஆய்வுக் கட்டுரைகள் இருந்த அலமாரியைத் திறந்தபோது முழங்கால்வரை சரிந்தது, அதில் பல அண்ணன் பிறப்பதற்கு முன்னால் எழுதப்பட்டவை என்பதை எல்லோரும் பார்த்தார்கள், அலமாரியைத் திரும்பப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு வாசல் மேசை எடுக்கப்பட்டது. இனி யாரும் எதையும் உதற வேண்டியதில்லை என்று ஓர் உத்தரவு வந்தது, யாரும் அதை உதறிப் பார்க்கவில்லை.

சங்கடம் என்று பார்த்தால் 'என்' என்கிற சொல்லுக்குத்தான் வந்தது. புள்ளி போனால் 'என்' வெறும் 'என' ஆகிவிடுகிறது. 'என் அன்பே' என்று எழுதி நீட்டிய பையன்களின் கடிதம் 'என அனபே' என்று போய்ச் சேர்ந்தது, எவனோ சொன்னதை இவன் எடுத்துச் சொல்வதுபோல, பெண்பிள்ளைகள் "யாரு சொன்னா?" என்று திருப்பிக் கேட்டார்கள், பையன்கள் திருதிருவென்று முழித்தார்கள். மற்றபடி ஊர் பழகிக்கொண்டது. ஓலைச்சுவடியில் நம் முன்னோர் புள்ளியா வைத்தார்கள், நாம் மரபுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறோம் என்று வரலாற்றுத் துறை பால்வண்ணன் ஒரு கூட்டத்தில் பேசினார், கைதட்டல் எழுந்தது, அவர் பார்த்து வாசித்த தாளிலிருந்து மேடையில் கொட்டியதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. சந்தையில் பேச்சு வழக்கே மாறியது. மாப்பிள்ளை வீட்டார் வந்துபோனால் "உதறிப் பாத்தீங்களா?" என்று பக்கத்து வீட்டார் கேட்டார்கள், வேட்பாளர் வாக்குறுதி தந்தால் "உதறுங்க பாப்போம்" என்றார்கள், கேட்டுவிட்டுச் சிரித்தார்கள், சிரித்துவிட்டு வாக்குப் போட்டார்கள்.

தமயந்தி சிரிக்கவில்லை. இலக்கணம் படித்தவளுக்கு வேறொரு எரிச்சல் இருந்தது. புள்ளி போன மெய்யெழுத்து எல்லாம் அகரம் ஏறி உயிர்மெய் ஆகிவிடுகிறது, உயிரே இல்லாத கட்டுரைக்குள் இத்தனை உயிர்மெய்யா என்று அவள் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு, நாள் முழுக்க மொட்டை எழுத்தைப் படித்து, இல்லை, படிப்பதுபோல் கண்ணை ஓட்டி, டிக் போட்டுக் கட்டிவைத்தாள். உடம்பில் எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத ஒரு களைப்பு அவளுக்கு.

அப்படி இருக்கையில் ஒருநாள் முதல்வர் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காருங்க மேடம். நான் உங்களுக்கு விரோதி இல்ல."

"தெரியும் சார்."

"கட்டுரைப் பயிற்சின்னு ஒரு பாடம் இன்னும் எதுக்குன்னு கல்விக்குழுவுல கேக்குறாங்க. பிள்ளைங்க எழுதல, அண்ணன் எழுதுறாரு." முதல்வரும் அண்ணன் என்றே சொல்லப் பழகியிருந்தார். "அதை எடுத்துட்டு, அண்ணன்கிட்ட எப்படிக் கேக்கணும்னு ஒரு பாடம் வைக்கலாங்குறாங்க. அதுக்குக் கணினித் துறையில ஆள் இருக்கு."

"அப்ப நான்?"

"தேர்வுப் பிரிவுல விடைத்தாளுக்கு நம்பர் போட ஆள் இல்லைன்னு ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருக்காங்க." அவர் மேசையில் கிடந்த புள்ளிகளைக் கையால் ஒதுக்கினார். "ஒரே ஒரு பக்கம் கொண்டாங்க மேடம். உங்க வகுப்புப் பிள்ளை எழுதினதா, உதறினா உதிராததா, ஒரே பக்கம். அதைக் கையில வச்சுக்கிட்டு உங்க பாடத்துக்காக நான் பேசுறேன். கூட்டம் மாசக் கடைசியில."

அந்தப் பாடத்தை அவள் ஆசையோடு நடத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனாலும் அது போய்விடும் என்றதும், மூடிய அறையில் உட்கார்ந்து யாரோ எழுதிய விடைத்தாளின் மூலையில் எண்ணைக் குத்திக் குத்தி மிச்சக் காலத்தை ஓட்டுவது கண்முன் வந்ததும், அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். ஒரு பக்கம்தானே என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

வகுப்பில் கைபேசிகளை எல்லாம் வாங்கி ஒரு வாளியில் போட்டுவிட்டு எழுதச் சொன்னாள். எழுதினார்கள். உதறினாள். கொட்டியது. ரூபன் என்கிற பையன், ஆறடி உயரம், அழும் நிலைக்கு வந்துவிட்டான். "மேடம், சத்தியமா அண்ணனைத் தொடவே இல்ல மேடம், நானா யோசிச்சு எழுதினேன்." அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தாளைப் பார்த்தாள். 'அமமா எனபவள தியாகததின திருவுருவம'. அந்த வரி அண்ணனுடையது அல்ல. அவளுடையதும் அல்ல. அவள் படித்த காலத்தில் யாரோ சொல்லி அவள் எழுதியது, பிறகு வருடா வருடம் மாதிரிக் கட்டுரை என்று கரும்பலகைக்கு முன்னால் நின்று அவள் சொல்லி இவர்கள் எழுதியது. அம்மா என்றால் திருவுருவம், நூல் என்றால் நண்பன், முன்னுரை என்று ஒன்று, முடிவுரை என்று ஒன்று. அண்ணன் பாவம், நேற்று வந்தவர், இங்கே ஏற்கெனவே இருந்த வழியில் நடந்துபோகிறார்.

சந்தேகம் தீர அவள் ஒரு காரியம் செய்தாள். ஆசிரியர் அறையில் யாரும் இல்லாத நேரம், காலையில் தின்ற உப்புமாவைப் பற்றி, அதில் உப்பு குறைவாக இருந்ததைப் பற்றி, ஒரு பக்கம் எழுதினாள். உப்புமாவில் பொய் சொல்ல என்ன இருக்கிறது? உதறினாள். ஒரு புள்ளி மிஞ்சாமல் விழுந்தது. உதிருமா என்று பார்க்கத்தானே இதை எழுதினேன் என்று அவளுக்கு உடனே உறைத்தது, உறைத்து என்ன பயன், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள், இப்படியே யாராவது வந்து இந்தத் துறையைப் பூட்டிக்கொண்டு போனால்கூடத் தேவலை என்று இருந்தது.

கூட்டத்துக்கு முந்தின நாள் அவள் வகுப்புக்குள் போய் வருகைகூட எடுக்கவில்லை. "நான் இன்னைக்கு ஒண்ணும் சொல்லல. தலைப்பு கெடையாது. முன்னுரை கெடையாது. எழுதுறவங்க எழுதுங்க, எழுதாதவங்க சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். மணி அடித்ததும் பிள்ளைகள் தாள்களை மேசைமேல் போட்டுவிட்டுப் போனார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள், கொட்டியது, கொட்டியது, கொட்டியது, நடுவில் ஒன்று கொட்டவில்லை. கை தானாக அடுத்ததுக்குப் போய்விட்டு, திரும்பி வந்தது. மறுபடி உதறினாள். விழவில்லை. மேலே மாரீஸ்வரி என்று பெயர் இருந்தது, கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்காரும் பெண், குரலைக் கேட்டதாகக்கூட நினைவில்லை.

அதில் இப்படி எழுதியிருந்தது.

'மேடம் வகுப்பில் எனக்கு தூக்கம் வரும். மேடத்துக்கும் வரும் என்று நினைக்கிறேன். போன வருடம் முதல் பருவத்தில் தாய்மை கட்டுரை எழுத சொன்னீர்கள். எல்லோரும் அண்ணனிடம் கேட்டார்கள். நான் கேட்கவில்லை. என் அம்மாவை பற்றி நானே எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. எழுதும்போது அழுதேன். இரண்டாவது பக்கம் நடுவில் மேடம் இதை படிக்கிறீர்களா, படித்தால் இந்த இடத்தில் ஒரு வட்டம் போடுங்கள் என்று எழுதினேன். விளையாட்டுக்கு இல்லை. தெரிந்துகொள்ளத்தான். நீங்கள் அந்த வரியின் மேலேயே டிக் போட்டு எட்டு மார்க் கொடுத்தீர்கள். எல்லோருக்கும் எட்டு. அதற்கு பிறகு நான் அண்ணனிடம் போய்விட்டேன். அவர் எழுதி கொடுப்பதற்காக இல்லை. நான் எழுதியதை போட்டால் அவர் படிக்கிறார். படித்துவிட்டு ஏதாவது சொல்கிறார்.'

தமயந்தி அதைப் படித்து முடித்தபோது அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இருநூறு தாளை ஒருத்தி எப்படியம்மா படிப்பது, நீயே உட்கார்ந்து பார் என்று அந்தப் பெண்ணிடம் மனதுக்குள் கத்தினாள். பிறகு வெட்கம் வந்தது, அது வந்த பிறகு போகவில்லை. அந்த மூன்று பக்கத்தில் என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள், ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை, எப்படி வரும், படித்தால்தானே. முதல் பருவக் கட்டுகள் எல்லாம் கோடை விடுமுறையில் எடைக்குப் போட்டாயிற்று.

ஆனால் பக்கம் கிடைத்துவிட்டது. அவள் மேசைமேல் அதை விரித்துவைத்துப் பார்த்தாள். கல்விக்குழுவில் இதைத்தான் வாசிக்க வேண்டுமா? வேறு வழியில்லை. சரி, வாசிப்பதுதான் வாசிக்கிறோம், பிழையாவது இல்லாமல் இருக்கட்டும் என்று, எத்தனையோ வருடப் பழக்கத்தில், நீலப் பேனாவை எடுத்து 'எனக்கு தூக்கம்' என்ற இடத்தில் விட்டுப்போன 'த்'தை நுணுக்கி எழுதினாள். எழுதிப் பேனாவை எடுப்பதற்குள் அந்த 'த்'தின் புள்ளி மட்டும் உருண்டு மேசையில் விழுந்தது. மாரீஸ்வரி வைத்த புள்ளிகள் அங்கங்கே அப்படியே இருந்தன. தமயந்தி தான் எழுதியதைக் கவனமாக அழித்துவிட்டு, தாளை மடிக்காமல் கைப்பைக்குள் வைத்தாள்.

கல்விக்குழுவில் ஆளுக்கொரு தட்டில் போண்டாவும் சட்னியும் இருந்தன. முதல்வர் நல்ல மனிதர், சொன்ன சொல்லைக் காப்பாற்ற எழுந்து, "நம்ம தமயந்தி மேடம் ஒரு பக்கம் கொண்டுவந்திருக்காங்க" என்று தாளை வாங்கி எல்லோர் முன்னாலும் உதறிக் காட்டினார். ஒன்றும் விழவில்லை. பால்வண்ணன் போண்டாவைக் கீழே வைத்தார். வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர் சீதாபதி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "வாசிங்க மேடம்" என்றார்கள். அவள் வாசித்தாள். 'எல்லோருக்கும் எட்டு' என்ற இடத்தில் அவள் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு அந்த வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். முடித்ததும் எல்லோரும் தங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் எல்லோரும் எட்டு போட்டவர்கள்தான்.

சீதாபதி தாளை வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"என்ன மேடம் இது? 'எனக்குத் தூக்கம்'னு வரணும். 'எழுதச் சொன்னீர்கள்'னு வரணும். 'அம்மாவைப் பற்றி'. வல்லினம் மிகுற இடத்துல ஒண்ணுகூட மிகலையே?"

"ஆமா சார்."

"இல்லாத புள்ளி எப்படி உதிரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அந்த அறைக்கு அவ்வளவு தேவையாக இருந்தது. ஒற்றுப்பிழை உள்ள ஒரு தாளைச் சான்றாக ஏற்பதற்கில்லை என்றும், கட்டுரைப் பயிற்சியை வரும் பருவத்திலிருந்து நிறுத்துவது என்றும் முடிவாயிற்று. முதல்வர் அவளைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். தீர்மானத்தை எடுத்து அடுத்தவரிடம் நீட்டியபோது வழிநெடுகப் புள்ளி கொட்டியது, உதவியாளர் வந்து துடைத்துவிட்டுப் போனார்.

அவள் வெளியே வந்தபோது மாரீஸ்வரி சைக்கிள் நிறுத்தத்தின் ஓரமாக நின்றிருந்தாள். பையை முன்பக்கமாகப் போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், என் பேப்பரை வாசிச்சீங்களாமே. கூட்டத்துல இருந்து வந்த எங்க அக்கவுண்ட்ஸ் சார் சொன்னாரு."

"வாசிச்சேன். பாடத்தை எடுத்துட்டாங்க."

"என் பேப்பராலயா மேடம்?"

"இல்லம்மா. ஒற்றால."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. புரியவைக்கத் தமயந்திக்குத் தெம்பு இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்தாள், பக்கத்தில் இடம் காட்டினாள், மாரீஸ்வரி உட்காரவில்லை.

"அம்மாவைப் பத்தி என்ன எழுதியிருந்த?"

"அது போச்சுல்ல மேடம். எடைக்குப் போட்டிருப்பீங்க."

"ஆமா. போட்டுட்டேன்."

"பரவால்ல மேடம்."

"மறுபடி எழுதேன்."

"யாருக்கு மேடம்?"

கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். வரும் பருவத்திலிருந்து தமயந்தி இந்தப் பெண்ணுக்கு ஆசிரியைகூட இல்லை. கைப்பையிலிருந்து தாளை எடுத்து மடியில் வைத்து, மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை, அவசரமில்லாமல், வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் படித்தாள். மதிப்பெண் போடுகிற இடத்தைத் தாண்டி, கடைசி வரிக்குக் கீழே, ஒரே ஒரு சொல்லை எழுதினாள். 'படித்தேன்.' எழுதிவிட்டுத் தாளை நீட்டினாள்.

மாரீஸ்வரி அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு, இந்தப் பருவம் முழுக்கப் பிள்ளைகளின் தாள்களைத் தமயந்தி உதறியதுபோல, நுனியை இரண்டு விரலால் பிடித்து ஓர் உதறு உதறினாள்.

"நல்லா உதறு" என்றாள் தமயந்தி.

மாரீஸ்வரி தாளைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள், உள்ளங்கையால் பின்பக்கம் தட்டினாள், கீழே தரையைக் குனிந்து தேடினாள், பிறகு தாளைக் கண்ணருகே கொண்டுபோய் 'த்'தையும் 'ன்'னையும் பார்த்தாள்.

"இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு, நம்பிக்கை வராமல் இன்னொரு முறை உதறினாள்.